வாடகையா, தரகா, சுங்கமா? – செயலிக் கடைகளும் போட்டிச் சட்டமும்

2024ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள், வெள்ளிக்கிழமை. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் செயலிக் கடையான 'ப்ளே ஸ்டோரி'லிருந்து இந்திய நிறுவனங்கள் சிலவற்றின் செயலிகள் நீக்கப்பட்டன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மேட்ரிமோனி டாட் காம் நிறுவனத்தின் 'பாரத் மேட்ரிமோனி', 'கிறிஸ்டியன் மேட்ரிமோனி', 'முஸ்லிம் மேட்ரிமோனி', 'ஜோடி' ஆகியவையும் அவற்றுள் அடங்கும். பிள்ளைகளுக்கு வரன் தேடும் பெற்றோர் பலருக்கும் பழகிய பெயர்கள் இவை. நீக்கத்துக்குக் காரணம் செயலிகளின் உள்ளடக்கமோ தரக்குறைவோ அன்று. கடையின் உரிமையாளரான கூகுள் நிறுவனம் விதித்த கட்டணத்தை அந்நிறுவனங்கள் செலுத்தவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். மத்திய அரசு தலையிட்டுப் பேசியபின், சில நாட்களில் செயலிகள் மீண்டும் கடைக்கு வந்தன. செய்தியும் நாளேடுகளிலிருந்து மறைந்தது. ஆயினும் அந்நிகழ்வு எழுப்பிய வினா மறையவில்லை.

தம் சொந்த முதலில் கட்டிய கடைக்கு விதி வகுக்கவும் கட்டணம் விதிக்கவும் ஒருவருக்கு உரிமை உண்டா? உண்டு என்பதே எவரும் உடனே கூறும் விடை. ஆனால் ஊரில் வேறு கடையே இல்லாதபோது, அல்லது வேறு கடை இருப்பதை வாங்குபவரிடம் சொல்லவும் கூடாதென்று அவர் தடுக்கும்போது, அவ்வுரிமை எதுவரை செல்லும்? அமெரிக்கா, ஐரோப்பா, தென்கொரியா, ஜப்பான், இந்தியா எனப் பல நாடுகளின் நீதிமன்றங்களும் ஆணையங்களும் சட்டமன்றங்களும் ஆராய்ந்து வந்திருப்பது இவ்வினாவையே. இதனைப் பெரும் பணக்காரர்கள் தமக்குள் இடும் சண்டை என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. கல்வி, வணிகம், மருத்துவம், மணவுறவு என வாழ்வின் பல துறைகளும் கைப்பேசியின் வழியே நடைபெறும் இக்காலத்தில், அதன் வாசலில் நிற்பவர் எதன் பெயரால் வசூலிக்கிறார் என்பதை அறிந்துகொள்வது நம் அனைவருக்கும் தேவையானதே.

கடை தோன்றிய வரலாறு

ஆப்பிள் நிறுவனம் 2007இல் ஐபோனை வெளியிட்டபோது அதில் செயலிக் கடை இல்லை. 2008 ஜூலை 10 அன்றுதான் 'ஆப் ஸ்டோர்' ஏறத்தாழ 500 செயலிகளுடன் திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் கூகுளின் 'ஆண்ட்ராய்டு மார்க்கெட்' வந்தது. 2012இல் அது 'கூகுள் ப்ளே' எனப் பெயர் மாறியது. விலைக்கு விற்கும் செயலிகளில் 70 சதவீதம் செயலியை ஆக்கியவருக்கு, 30 சதவீதம் கழிவு என்பதே இரு கடைகளிலும் தொடக்க விதி.

அந்நாளில் இவ்விகிதம் கொடுமையானதாகத் தோன்றவில்லை. மென்பொருளைக் குறுந்தகட்டில் பதித்து, பெட்டியிலிட்டு, கடைகளுக்கு அனுப்பி விற்ற காலம் முற்றாக மறைந்திராத நேரம் அது. அச்சுச் செலவு, போக்குவரத்து, கடைக்காரர் பங்கு எல்லாம் போக ஆக்கியவர் கையில் மிஞ்சியது சிறிதே. அத்தகையவருக்கு உலகெங்கும் விற்கும் வாய்ப்பும், விலையில் 70 சதவீதமும் கிடைத்தன என்றால், அவர் அதை ஒரு கொடையாகவே கருதினார் எனலாம்.

மாற்றம் பிறகு வந்தது. 2009இல் செயலிக்குள்ளேயே பொருள் வாங்கும் வசதியை ஆப்பிள் ஏற்படுத்தியது. 2011இல் சந்தா முறையும் அதே விதியின் கீழ் கொண்டுவரப்பட்டது. இதன் பொருளை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அதுவரை கழிவு என்பது ஒருமுறை நிகழும் விற்பனையின்மீது விழுந்தது. அதன்பின் அது, விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே ஆண்டுக் கணக்கில் தொடரும் உறவின்மீது விழத் தொடங்கியது. கடையிலிருந்து பொருளை எடுத்துச் சென்ற பின்னரும், அப்பொருளைக் கொண்டு வீட்டில் நடக்கும் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலிலும் கடைக்காரருக்குப் பங்கு என்பது போன்ற நிலை இது.

யார் செலுத்துகிறார், யார் செலுத்துவதில்லை?

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். அரபு–தமிழ் அகராதி ஒன்றைச் செயலியாக ஆக்கி, ஆண்டுச் சந்தா 100 ரூபாய் என ஒருவர் விற்கிறார் என்று கொள்வோம். பல்லாண்டுகள் நடைமுறையிலிருந்த அடிப்படை விகிதப்படி அதில் 30 ரூபாய் கடைக்குரியது. விமர்சனங்கள் பெருகிய பின் விகிதத்தில் சலுகைகள் வந்தன. ஓராண்டைக் கடந்த சந்தாவுக்கு 15 சதவீதம் என 2016இல் ஆப்பிள் அறிவித்தது. ஆண்டு வருவாய் 10 இலட்சம் டாலருக்கு உட்பட்ட சிறு நிறுவனங்களுக்கு 15 சதவீதம் என்னும் திட்டத்தை 2021 ஜனவரியில் நடைமுறைப்படுத்தியது. ஆண்டு வருவாயின் முதல் 10 இலட்சம் டாலருக்கு 15 சதவீதம் என 2021 ஜூலை முதல் கூகுளும் குறைத்தது. ஆகவே நம் அகராதிக்காரர் சிறியவராயின் 15 ரூபாய் செலுத்துவார்.

இனி, அதே அகராதியை அச்சு நூலாக 1,000 ரூபாய்க்கு விற்கும் புத்தக வணிகர் ஒருவரையும் எண்ணிப் பார்ப்போம். அவரும் அதே கடையில் தம் செயலியை வைத்திருக்கிறார். அச்செயலியின் வழியாகவே நூலை விற்கிறார். அவர் கடைக்குச் செலுத்தும் கழிவு ஒன்றுமில்லை. வாடகைக் கார், உணவு, துணிமணி என உலகில் கையால் தொட்டு நுகரும் பொருட்களுக்கும் சேவைகளுக்கும் இக்கழிவு கிடையாது. விளம்பரத்தால் பிழைக்கும் இலவசச் செயலிகளுக்கும் கிடையாது. ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர், கூகுளுக்கு ஒருமுறை 25 டாலர் என்னும் பதிவுக் கட்டணத்தோடு அவர்களது கடமை முடிந்துவிடுகிறது. இசை, திரைப்படம், விளையாட்டு, பாடம், மின்னூல், வரன் தேடும் சந்தா போன்ற எண்மப் பொருட்களை விற்பவரே கழிவு செலுத்த வேண்டியவர்.

மூன்று பூட்டுகள்

வழக்குகளில் பேசப்படும் விதிகள் பலவாயினும் அவற்றை மூன்றாகத் தொகுக்கலாம்.

முதலாவது, பொருளைக் கடைக்கு வெளியே விற்கக் கூடாது என்பது. ஐபோனில் ஆப்பிளின் கடை ஒன்றே உண்டு. ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான் போன்று சட்டம் தலையிட்ட இடங்களே இதற்கு விலக்கு. ஆண்ட்ராய்டில் வெளியிலிருந்து செயலியை இறக்கிக்கொள்ள இடமுண்டு; எனினும் எச்சரிக்கைகளும் கூடுதல் படிகளும் குறுக்கே நிற்பதால் அவ்வழியில் செல்வோர் சிலரே.

இரண்டாவது, செயலிக்குள் நடக்கும் எண்மப் பொருள் விற்பனைக்குக் கடையின் கட்டண முறையையே பயன்படுத்த வேண்டும் என்பது. விற்பவர் தாமே வங்கி வழியாகவோ வேறு கட்டண நிறுவனத்தின் வழியாகவோ பணம் பெறலாகாது.

மூன்றாவது, வெளியே குறைந்த விலையில் கிடைக்கிறது என்பதைச் செயலிக்குள் வாங்குபவரிடம் சொல்லக் கூடாது என்பது. இணைப்பு வைத்தலும் பொத்தான் வைத்தலும் இதனுள் அடங்கும்.

இம்மூன்றையும் தனித்தனியே நோக்கின் ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு நியாயம் கூறலாம். ஒரே கடை என்பது பாதுகாப்புக்கு; ஒரே கட்டண முறை என்பது வாங்குபவரின் வசதிக்கு; வெளிவழியைச் சொல்லாதிருத்தல் என்பது ஏமாற்று வலைத்தளங்களைத் தவிர்ப்பதற்கு. ஆனால் மூன்றும் ஒன்றுசேரும்போது விளைவு வேறாகிறது. முதற் பூட்டு வாசலை அடைக்கிறது; இரண்டாம் பூட்டு கல்லாவை அடைக்கிறது; மூன்றாம் பூட்டு வாயை அடைக்கிறது. மூன்றாவதே மிகக் கடியது என்பது நமது கருத்து. வேறு வழி இல்லாத இடத்தில் அதிகம் கேட்பது ஒரு குறை. இருக்கும் வழியை மறைப்பது அதனினும் பெரிய குறை.

கழிவுக்கு என்ன பெயர்?

இக்கழிவு உண்மையில் என்னவென்று தெளிவதற்கு, நம் வணிக வழக்கில் உள்ள மூன்று சொற்களோடு இதனைப் பொருத்திப் பார்ப்பது பயன் தரும்.

இது வாடகையா? வாடகை என்பது இடத்தைப் பயன்படுத்துவதற்கு உரியது. அவ்வாறாயின் இடத்தை அதிகம் பயன்படுத்துவோர் அதிகம் செலுத்த வேண்டும். அச்சு நூல் விற்பவரும் அகராதிச் செயலிக்காரரும் ஒரே இடத்தில் இருக்க, ஒருவருக்குச் சுழியமும் மற்றவருக்கு 30 சதவீதமும் என்பது வாடகையின் இயல்பன்று.

இது தரகா? தரகு என்பது வாங்குபவரையும் விற்பவரையும் இணைத்து வைப்பதற்கு உரியது. தரகரை அரபியில் 'தல்லால்' என்பர். மும்பைப் பங்குச் சந்தை அமைந்துள்ள தலால் தெருவின் பெயரில் இன்றும் வாழும் சொல் இதுவே. வழிகாட்டுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது அது. அதாவது, விற்பவரிடம் செல்லும் வழியை வாங்குபவருக்குக் காட்டுபவரே தரகர். செயலியை முதன்முறை தேடி எடுக்க உதவியதற்காகக் கடை தரகு கேட்டால் அதில் நியாயமுண்டு. ஆனால் மூன்றாண்டுகளுக்கு முன்பே செயலியை எடுத்து, அதை நாள்தோறும் பயன்படுத்தி வரும் ஒருவர் சந்தாவைப் புதுப்பிக்கும்போது இங்கு எவரும் எவருக்கும் வழிகாட்டவில்லை. மேலும், வழிகாட்டுதலுக்குக் கூலி பெறுபவரே வேறு வழியைக் காட்டக் கூடாதெனத் தடுப்பது அச்சொல்லின் பொருளுக்கே முரணானது.

எஞ்சுவது சுங்கம். சுங்கச்சாவடியில் நின்று வசூலிப்பவர், வண்டியில் உள்ள சரக்கை உருவாக்க எவ்விதத்திலும் உதவியவரல்லர். பாதை அவர் கையில் உள்ளது, ஆகவே செலுத்துகிறோம். பாதையை அமைத்துப் பேணுவதற்குச் செலவுண்டு என்பதால் சுங்கமும் முற்றிலும் தவறானதன்று. ஆனால் ஒரு நாட்டில் நெடுஞ்சாலைச் சுங்கத்தின் அளவைச் சாலை உரிமையாளர் மட்டுமே தம் விருப்பப்படி முடிவு செய்ய அரசுகள் பொதுவாக விட்டுவிடுவதில்லை. வேறு பாதை இல்லாதபோது விலையைப் போட்டி கட்டுப்படுத்தாது. அவ்விடத்தில் சட்டம்தான் கட்டுப்படுத்த வேண்டும்.

உரிமையாளர் தரப்பு

மறுதரப்பை நேர்மையாக எடுத்துரைக்காமல் தீர்ப்புக் கூறுதல் முறையாகாது. நிறுவனங்கள் கூறும் வாதங்களுள் நான்கு வலுவானவை.

ஒன்று, பாதுகாப்பு. கடைக்கு வரும் ஒவ்வொரு செயலியையும் சோதிப்பதால் மோசடிகள் குறைகின்றன. இது உண்மை, முதியோரும் சிறாரும் பயன்படுத்தும் கருவியில் இதன் மதிப்பு சிறிதன்று. இரண்டு, முதலீடு. செயலிகளை ஆக்கத் தேவையான கருவிகளையும் நுட்பங்களையும் நிறுவனங்களே உருவாக்கித் தருகின்றன. மூன்று, வழக்கம். சோனி, மைக்ரோசாஃப்ட், நிண்டெண்டோ ஆகியவற்றின் விளையாட்டுக் கருவிகளிலும் 30 சதவீதம் என்பதே பரவலான விகிதமாக இருந்தது. நான்கு, பெரும்பாலான செயலிகள் ஒரு காசும் கழிவு செலுத்துவதில்லை.

இவற்றுள் நான்காவது வாதம் உரிமையாளருக்கு எதிராகவே திரும்புகிறது என்பதை நாம் மேலே கண்டோம். எல்லோருக்கும் பொதுவான செலவை ஒரு சாராரிடம் மட்டும் வசூலிக்கிறோம் என்பதே அதன் பொருள். முதலீட்டு வாதத்துக்கும் அளவு உண்டு. அமெரிக்க வழக்கொன்றில், ஆப் ஸ்டோரின் செயற்பாட்டு இலாபம் 75 சதவீதத்துக்கு மேல் என வல்லுநர் சாட்சி கணக்கிட்டுக் கூறினார். ஆப்பிள் அக்கணக்கை மறுத்தது. எனினும் நீதிபதி அதனை நம்பத்தக்கதாகவே கொண்டார். பாதுகாப்பு வாதம் முதற் பூட்டுக்கு ஓரளவு பொருந்தும். ஆனால் வெளியே விலை குறைவு என்று ஒரு வரி எழுதுவதால் கைப்பேசியின் பாதுகாப்பு எவ்வாறு குலையும் என்பதற்கு நிறைவான விடை கிடைக்கவில்லை.

இரு வழக்குகள், இரு தீர்ப்புகள்

2020 ஆகஸ்ட் 13 அன்று 'ஃபோர்ட்நைட்' விளையாட்டின் உரிமையாளரான எபிக் கேம்ஸ் நிறுவனம், தன் செயலிக்குள் நேரடியாகப் பணம் பெறும் வழியொன்றைத் திறந்து, அவ்வழியில் வாங்குவோருக்கு விலையையும் குறைத்தது. அன்றே ஆப்பிளும் கூகுளும் அவ்விளையாட்டைத் தத்தம் கடைகளிலிருந்து நீக்கின. அன்றே எபிக் இருவர்மீதும் வழக்குத் தொடுத்தது.

ஆப்பிளுக்கு எதிரான வழக்கை விசாரித்த நீதிபதி இவான் கோன்சாலஸ் ரோஜர்ஸ் 2021 செப்டம்பர் 10 அன்று தீர்ப்பளித்தார். கூட்டாட்சிப் போட்டிச் சட்டத்தின்படி ஆப்பிள் ஏகபோக நிறுவனம் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்றார். ஆனால் வெளிவழியைச் சொல்லக் கூடாதென்னும் விதி, கலிஃபோர்னியா மாநிலத்தின் முறையற்ற போட்டிக்கெதிரான சட்டத்தை மீறுகிறது எனக் கூறி அதற்குத் தடை விதித்தார். அதாவது மூன்று பூட்டுகளுள் மூன்றாவதை மட்டும் அவர் திறந்தார். 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பெரும்பாலும் இதையே உறுதிசெய்தது. 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது.

கூகுளுக்கு எதிரான வழக்கில் விளைவு நேர்மாறாயிற்று. சான் ஃபிரான்சிஸ்கோவில் 2023 டிசம்பர் 11 அன்று நடுவர் குழு, கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்து வந்தது என முடிவு கூறியது. 2025 ஜூலையில் மேல்முறையீட்டிலும் கூகுள் தோற்றது.

ஒரே கடையை மட்டும் அனுமதிக்கும் ஆப்பிள் பெரும்பாலும் வென்றது. வேறு கடைகளுக்கும் இடமளிக்கும் கூகுள் தோற்றது. இது முதற்பார்வையில் விந்தையாகத் தோன்றும். காரணம் இரண்டு. முதலாவது, 'சந்தை' எது என்னும் வரையறை. போட்டிச் சட்டத்தில் ஒருவர் ஆதிக்கம் செலுத்துகிறாரா என்பதைக் காண, முதலில் எந்தச் சந்தையில் என்று வரையறுக்க வேண்டும். ஒரு ஊரின் மளிகைக் கடைகள் அனைத்தையும் சந்தையாகக் கொண்டால் ஒரு கடைக்காரர் சிறியவர். அவர் கடை நிற்கும் தெருவை மட்டும் சந்தையாகக் கொண்டால் அவரே முழு உரிமையாளர். ஆப்பிள் வழக்கில் நீதிபதி, ஆண்ட்ராய்டையும் உள்ளடக்கிய கைப்பேசி விளையாட்டுப் பரிவர்த்தனைகளைச் சந்தையாகக் கொண்டார். கூகுள் வழக்கில் நடுவர் குழு ஆண்ட்ராய்டு உலகையே தனிச் சந்தையாகக் கொண்டது. இரண்டாவது, நடத்தை. கூகுள், போட்டிக் கடைகள் வளராதிருக்கக் கைப்பேசி உற்பத்தியாளரோடும் பெரிய விளையாட்டு நிறுவனங்களோடும் பணம் கொடுத்துச் செய்துகொண்ட ஏற்பாடுகள் சான்றுகளாக வந்தன. தொடக்கத்திலேயே கதவை மூடி வைத்தவர் தப்பினார். திறந்த கதவை ஆள் வைத்துச் சாத்தியவர் பிடிபட்டார். இத்தீர்ப்புகளால் ஒன்று தெளிவாகிறது. பழைய போட்டிச் சட்டங்கள் நடத்தையை அளக்க வல்லவை. அமைப்பிலேயே உள்ள அடைப்பை அளக்க அவை தடுமாறுகின்றன.

பெயர் மாறியது, வசூல் மாறவில்லை

தீர்ப்பு வந்ததும் சிக்கல் தீர்ந்ததா எனில், இல்லை. 2024இல் ஆப்பிள் அமெரிக்காவில் வெளியிணைப்பு வைக்க அனுமதித்தது; ஆனால் அவ்விணைப்பின் வழியே வெளியில் நடக்கும் விற்பனைக்கும் 27 சதவீதம் கேட்டது. சிறு நிறுவனங்களுக்கு 12 சதவீதம். வெளியே பணம் பெறும் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 3 சதவீதம் கொடுத்தால் மீண்டும் 30 ஆகிவிடும். வழி திறந்தது, அவ்வழியே செல்வதற்கான பயன் போயிற்று. 2025 ஏப்ரல் 30 அன்று அதே நீதிபதி, ஆப்பிள் வேண்டுமென்றே தம் ஆணையை மீறியதெனக் கூறி நீதிமன்ற அவமதிப்புக்கு உள்ளாக்கியதோடு, வெளி விற்பனைக்கு எக்கழிவும் கூடாதெனத் தடுத்தார். 2025 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவமதிப்பை உறுதிசெய்தது; ஆனால் கழிவே கூடாதென்பது மிகை என்று கருதி, நியாயமான அளவு எதுவென ஆராயும்படி அப்பகுதியைத் திருப்பி அனுப்பியது.

இப்போக்கு அமெரிக்காவோடு நிற்கவில்லை. 2021இல் தென்கொரியா, கடையின் கட்டண முறையைக் கட்டாயப்படுத்தலாகாது என உலகில் முதன்முதலாகச் சட்டம் இயற்றியது. வேறு கட்டண முறையைப் பயன்படுத்துவோருக்குக் கூகுள் 4 புள்ளிகளைக் குறைத்தது. ஆப்பிளின் விகிதம் 26 ஆயிற்று. நெதர்லாந்தில் துணை தேடும் செயலிகள் பற்றிய வழக்கில் 2022இல் வாரம் 50 இலட்சம் யூரோ வீதம் மொத்தம் 5 கோடி யூரோ அபராதம் சேர்ந்தது. அங்கு அறிவிக்கப்பட்ட விகிதம் 27.

ஐரோப்பிய ஒன்றியம் வேறொரு பாதையை எடுத்தது. இசைச் செயலியான ஸ்பாட்டிஃபை 2019இல் அளித்த புகாரின்மீது, 2024 மார்ச்சில் ஆப்பிளுக்கு 180 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டது. இசைச் சந்தாவை வெளியே மலிவாக வாங்கலாம் என்பதைச் சொல்லவிடாமல் தடுத்ததே குற்றம். ஆப்பிளுக்கும் சொந்தமாக ஓர் இசைச் சேவை உண்டு என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. அதே மாதம் எண்மச் சந்தைகள் சட்டத்தின் கடமைகள் நடைமுறைக்கு வந்தன. ஆதிக்கத்தை ஒவ்வொரு முறையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. வாயிற்காவலர் என அறிவிக்கப்பட்ட நிறுவனங்கள் முன்கூட்டியே சில கடமைகளை ஏற்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. அச்சட்டத்தின் கீழ் 2025 ஏப்ரலில் ஆப்பிளுக்கு மேலும் 50 கோடி யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. பின்னர் ஆப்பிள் தன் கட்டணத்தைப் பல கூறுகளாகப் பிரித்து அறிவித்தது. எந்தச் சேவைக்கு எவ்வளவு எனப் பிரித்துச் சொல்வது ஒருவகையில் முன்னேற்றமே. ஆனால் ஒவ்வொரு கூறின் அளவையும் வசூலிப்பவரே முடிவு செய்யும்வரை, பிரித்தெழுதிய ரசீது மட்டும் நியாயமாகிவிடாது. ஜப்பானும் 2024இல் இத்தகைய சட்டம் இயற்றி, 2025 டிசம்பரில் முழுமையாக நடைமுறைப்படுத்தியது.

இந்திய வழக்கு

இந்தியக் கைப்பேசிகளுள் மிகப் பெரும்பாலானவை ஆண்ட்ராய்டில் இயங்குபவை. எனவே இங்கு வழக்கு முதன்மையாகக் கூகுளைப் பற்றியது. 2022 அக்டோபர் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம், ப்ளே ஸ்டோரின் கட்டண முறையைக் கட்டாயமாக்கியது ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தியதாகும் எனக் கூறி 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கூகுளின் சொந்தச் செயலியான யூடியூப் அக்கட்டாயத்துக்கு உட்படாதது பாரபட்சம் என்றும் சுட்டியது. நாம் முன்னர்க் கூறிய பொருத்தம் இங்குத் தெளிவாகிறது: சுங்கச்சாவடியின் உரிமையாளர் தாமும் சரக்கு விற்கிறார், தம் வண்டிக்கு மட்டும் சுங்கம் இல்லை.

அதன்பின் கூகுள் மாற்றுக் கட்டண முறையை அனுமதித்து, கழிவை 4 புள்ளிகள் குறைத்தது. 15 என்பது 11 ஆயிற்று, 30 என்பது 26 ஆயிற்று. வங்கிக் கணக்கிலிருந்து செல்லும் யு.பி.ஐ. பணத்துக்கு வணிகரிடம் கழிவு பெறலாகாது என்னும் விதி 2020 ஜனவரியில் இந்தியாவில் வந்துவிட்டது. ஆகவே பணம் பெற்றுத் தருவதற்காகவே இவ்வளவு என்று சொல்ல இங்கு இடமில்லை. எஞ்சிய 11உம் 26உம் எதற்கு என்பதே வழக்கு.

மேட்ரிமோனி டாட் காம் உள்ளிட்ட நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடின. இது போட்டி ஆணையம் ஆராய வேண்டிய பொருள் எனக் கூறி 2023 ஆகஸ்டில் தனி நீதிபதி மனுக்களைத் தள்ளுபடி செய்தார். 2024 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வும் மேல்முறையீட்டைத் தள்ளியது. பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலப் பாதுகாப்பு அளிக்கவில்லை. மார்ச் 1 அன்று நிகழ்ந்ததைத்தான் கட்டுரையின் தொடக்கத்தில் கண்டோம். ஆணையத்தின் தீர்ப்பு இருந்தும், மேல்முறையீடு நிலுவையில் இருந்தும், இடைப்பட்ட காலத்தில் கடைக்காரரின் ஒரு முடிவு ஒரு நிறுவனத்தின் வாசலை ஒரே நாளில் அடைத்துவிட்டது. 2025 மார்ச் 28 அன்று தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், ஆணையத்தின் முடிவை ஓரளவு ஏற்று, அபராதத்தை 216.69 கோடி ரூபாயாகக் குறைத்தது. வழக்கு பின்னர் உச்ச நீதிமன்றத்தை எட்டியது.

நாம் காணும் முடிவு

செயலிக் கடைகளின் விதிகளும் கட்டணங்களும் போட்டிக்கு எதிரானவையா? 30 என்னும் எண்ணை மட்டும் நோக்கி இதற்கு விடை கூறுதல் பிழை. அதனினும் அதிகக் கழிவு உள்ள வணிகங்கள் உண்டு. அவற்றில் அநீதி இல்லை, ஏனெனில் விற்பவர் வேறிடம் செல்லலாம். எண்ணை அநீதியாக்குவது, வேறிடம் செல்ல முடியாமையும், வேறிடம் இருப்பதைச் சொல்ல முடியாமையும் ஆகும். வெளிவழியைச் சொல்லலாகாது என்னும் விதி போட்டிக்கு எதிரானது என்பதில் நமக்கு ஐயமில்லை. அமெரிக்காவும் ஐரோப்பாவும் வெவ்வேறு சட்டங்களின் வழியே இம்முடிவுக்கே வந்தன. கட்டண முறையைக் கட்டாயமாக்குவதும் அவ்வாறே, கடைக்காரர் தாமும் போட்டியாளராக இருக்கும் இடங்களில் குறிப்பாக. ஒரே கடை என்னும் முதல் விதியைப் பற்றி மட்டும் நாம் சற்றுத் தயங்குகிறோம். அங்குப் பாதுகாப்பு வாதத்துக்கு உண்மையான எடை உண்டு.

தீர்வு பற்றியும் ஒரு சொல். கட்டணம் கேட்பவர் எந்தச் சேவைக்கு எனப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அச்சேவையைப் பயன்படுத்தும் எல்லோரிடமும் ஒரே அளவுகோலால் கேட்க வேண்டும். அதன் அளவு நியாயமானதா என்பதைத் தாமல்லாத ஒருவர் ஆராய இடம் தர வேண்டும். இம்மூன்றும் இல்லாமல் 30ஐ 26 ஆக்குவதால் பயன் சிறிதே என்பதற்குத் தென்கொரியாவும் நெதர்லாந்தும் இந்தியாவும் சான்று. போட்டி ஏற்பட்டால் விலை உடனே குறைந்துவிடும் என்றும் நாம் வாக்களிக்கவில்லை. மிச்சமாகும் பணத்தை விற்பவர் தாமே வைத்துக்கொள்ளவும் கூடும். அகராதிக்காரரில் பலர் வசதி கருதிப் பழைய கடையிலேயே தங்கவும் கூடும். ஆனால் விரும்பித் தங்குவதும் வேறு, விடாமல் தங்கவைக்கப்படுவதும் வேறு.

'வசூல்' என நாம் அன்றாடம் வழங்கும் சொல் அரபியின் 'வுஸூல்' என்பதிலிருந்து வந்தது. அங்கு அதன் பொருள் 'வந்துசேர்தல்'. பணம் வந்துசேர்கிறது என்பதில் வழக்கில்லை. அது எந்த வழியாக வந்துசேர்கிறது, வேறு வழியும் திறந்திருந்ததா என்பதே வழக்கு. நீக்கப்பட்ட மணச் செயலிகள் சில நாட்களில் திரும்பி வந்தன என்று மகிழ்ந்தோம். அவை திரும்பியது சட்டத்தின் வலிமையால் அன்று, பேச்சுவார்த்தையின் விளைவால். அடுத்த முறை வாசல் அடைபடும்போது, பெயர் தெரியாத ஒரு சிறு அகராதிக்காரருக்காக எந்த அமைச்சரும் பேசப்போவதில்லை. அவருக்குத் துணை நிற்க வேண்டியது சட்டமே.